மீட்டர் மேல் பழி, குழாயில் அடைப்பு

"சார், மீட்டர் போயிடுச்சு. புதுசுதான் வாங்கணும்." ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வந்த போன். போய்ப் பார்த்தேன். உள்வரும் வாய்க்காலில் பார்ஷல் ஃப்ளூம் இருந்தது; நீர்மட்டத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிட உதவும் குறுகலான பகுதி அது. அதன் சுவர் அளவுகோலில் நீர் 20 செ.மீ. பக்கத்து ஸ்டில்லிங் வெல்லின் (அலை அடங்கிய அளவுக் கிணறு) மேலிருக்கும், ஒலியால் மட்டம் பார்க்கும் அல்ட்ராசோனிக் மீட்டரோ 26 என்கிறது. கிணற்றுக்குள் டேப்பை விட்டேன். நிஜமாகவே 26! மீட்டர் பொய் சொல்லவில்லை.

வாய்க்காலில் அலையும் நுரையும் இருக்கும். அதனால் பக்கத்தில் ஒரு கிணறு வைத்து, சின்னக் குழாயால் இணைக்கிறோம். மட்டம் உள்ளே வரும், ஆட்டம் வராது. கெய்ரோவின் ரோடா தீவில் கி.பி. 861இல் நைல் நதியின் மட்டம் பார்க்கக் கட்டிய நைலோமீட்டரும் இப்படித்தான். நைல் நீர் மூன்று சுரங்கங்கள் வழியாக அதற்குள் வந்தது.

இங்கே போட்டிருந்தது அரை அங்குலக் குழாய், அதுவும் கழிவுநீருக்கு! கிணற்றின் விட்டம் 30 செ.மீ. ஒரு வாளி, 15 லிட்டர் நல்ல தண்ணீரை அதில் ஊற்றினேன். மட்டம் ஏறக்குறைய ஒரு சாண் ஏறி அப்படியே நின்றது. பத்து நிமிடம் ஆகியும் இறங்கவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் கறுப்புச் சேறும், ஒரு ஷாம்பு பாக்கெட் துண்டும் வந்தன. வாய்க்காலில் நீர் இறங்கியும், அடைப்பால் பழைய மட்டம் கிணற்றுக்குள்ளேயே நின்றிருக்கிறது. (குத்தும்போது தலையை உள்ளே விடாதீர்கள், விஷவாயு இருக்கும்.)

ஆறு செ.மீ. தானே என்று விடமுடியாது. ஃப்ளூமில் ஓட்டம் மட்டத்தின் ஒன்றரை அடுக்கைவிடச் (power 1.5) சற்று வேகமாகவே ஏறும். 20க்கு 26 என்றால், கணக்கில் ஒன்றரை மடங்கு தண்ணீர்.

குழாயின் குறுக்குப் பரப்பு கிணற்றினுடையதில் நூறில் ஒரு பங்காவது, அதாவது விட்டத்தில் பத்தில் ஒன்று, வேண்டும் என்பது கைக்கணக்கு. அதன்படி 3 செ.மீ. போதும். நான் 5 போட்டேன். உள்ளே கொஞ்சம் அலை வந்தால் மீட்டரில் சராசரி எடுத்துக்கொள்ளலாம். அடைப்பை எப்படிச் சராசரி எடுப்பது? குழாய் வாய்க்குக் கீழே சேறு தங்க ஓரடி பள்ளமும் விட்டேன்.

பழைய குழாய் சுவரைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. ஓடும் நீர் அந்த நுனியைச் சுற்றிப் போகும்போது அழுத்தம் குறைந்து, கிணற்று மட்டம் தாழும். நொடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால், அந்த வேகத்துக்கு ஈடான நீர் உயரமே 5 செ.மீ. ஆகவே வாய் சுவரோடு சமமாக, ஓட்டத்துக்குச் செங்குத்தாக இருக்கட்டும். அப்புறம் மீட்டரின் பூஜ்யம்: அது கிணற்றின் அடியல்ல, ஃப்ளூமின் அடித்தள மட்டம். லெவல் கருவி வைத்துத்தான் அந்த மட்டத்தைக் கிணற்றுக்குக் கொண்டுவர வேண்டும்.

புதுக் குழாயில் அதே வாளி நீர் அரை நிமிடத்துக்குள் இறங்கிவிட்டது. மாதம் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுவாரம் ஆபரேட்டர் போனில் வருத்தப்பட்டார். "முன்னாடி கிராஃப் நேர்கோடா அழகா வந்துச்சு சார். இப்ப ஏறி ஏறி இறங்குது."

"காலையில ஊரே குளிக்குது, ராத்திரி தூங்குது. கோடு எப்படிங்க நேரா வரும்?"