கார்ன்ஃப்ளாரில் பொலென்டா வராது, தயவுசெய்து!

போன ஞாயிறு மதியம் பன்னிரண்டரை மணிக்கு ஒரு வீடியோ கால். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் நடத்தும் சமையல் வகுப்புக்கு வருகிற அக்கா ஒருவர். போனை நேராக அடுப்புக்கு மேல் பிடித்திருந்தார். வாணலியில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஒரு வெள்ளைப் பிண்டம், அதன் நடுவே கரைய மறுக்கும் நான்கு சீஸ் ஸ்லைஸ். கரண்டியைத் தூக்கினால் வாணலியும் கூடவே எழும்பியது.

"சார், பொலென்டா இழுக்குதுங்க சார். இன்னும் கொஞ்சம் தண்ணி விடட்டுங்களா?"

பின்னாலிருந்து அவருடைய மாமியார் குரல் கேட்டது: "அப்படியே எடுத்து வை, எலெக்‌ஷனுக்கு போஸ்டர் ஒட்ட ஆவும்."

மாமியார் சொன்னதுதான் சரி. பொலென்டா என்பது மக்காச்சோள ரவையில் கிண்டுகிற இத்தாலியக் களி. இது பசை. அந்த அக்கா போட்டது அரைக் கிலோ கார்ன்ஃப்ளார். இந்த மாதத்தில் எனக்கு வந்த ஐந்தாவது கேஸ் இது. ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

இதில் என் பங்கும் உண்டு. ஏற்காட்டில் ஒரு ரிசார்ட் சமையலறையில் பதினொரு வருடம் இருந்தேன். டிசம்பர் குளிரில் வருகிற விருந்தினர்களுக்காக மெனுவில் பொலென்டா வைத்தோம். ஒரு கிண்ணம் சூடாக, வெண்ணெயும் சீஸும் போட்டுத் தளர்வாக, மேலே வதக்கிய காளான், எஸ்டேட் மிளகு இடித்துத் தூவி. சாப்பிட்டவர்கள் செய்முறை கேட்பார்கள். "ஒண்ணுமில்லைங்க, சோள மாவுதான்" என்று வாய் தவறிச் சொல்லியிருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீட்டுக்குப் போனதும் அலமாரியில் இருக்கிற 'சோள மாவு' எதுவோ அதை எடுத்துக்கொள்வார்கள். அலமாரியில் இருப்பது கோபி மஞ்சூரியனுக்கு வாங்கிய வெள்ளைப் பவுடர்.

அந்த வெள்ளைப் பவுடர் மாவே கிடையாது. ஸ்டார்ச்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சிரமம். சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஆத்தூர் ரோட்டில் ஒரு தடவை பஸ்ஸில் போனாலே சேகோ ஃபேக்டரி வாசனை மூக்கில் ஏறும். உள்ளே என்ன நடக்கிறது? மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, தண்ணீர் விட்டு அலசி, சலித்து, அந்தப் பாலைத் தொட்டியில் தெளிய விடுகிறார்கள். அடியில் வெள்ளையாகப் படிவது ஸ்டார்ச். நார் எல்லாம் திப்பியாகத் தனியே போய்விடும். அந்த ஸ்டார்ச்சிலிருந்துதான் நம் ஜவ்வரிசி. இப்போது சொல்லுங்கள், வேகவைத்துத் தாளித்த கிழங்கும் அந்தத் தொட்டி ஸ்டார்ச்சும் ஒன்றா? "கிழங்கு தாளிச்சுக் குடு" என்று வீட்டில் கேட்டால் ஸ்டார்ச்சைக் கொதிக்க வைத்துக் கொடுப்பீர்களா?

மக்காச்சோளத்திலும் அதே கதைதான். தானியத்தை ஊறவைத்து, முளைப்பகுதியை எடுத்து, தோலை எடுத்து, புரதத்தையும் பிரித்துவிட்டு, கடைசியில் மிஞ்சுகிற சுத்த ஸ்டார்ச்தான் கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்பது. இரண்டு ஸ்பூன் போட்டால் ஒரு சட்டி சூப் கெட்டியாகும். அதை அரைக் கிலோ போட்டால்? கொண்டலாம்பட்டிப் பக்கம் தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறவர்கள் வேண்டுமானால் சந்தோஷப்படலாம்.

பெயர்க் குழப்பத்துக்கு வெள்ளைக்காரன்தான் காரணம். பிரிட்டிஷ் இங்கிலீஷில் கார்ன்ஃப்ளோர் என்றால் ஸ்டார்ச். நாமும் அதையே பிடித்துக்கொண்டோம். அமெரிக்கர்கள் அந்த ஸ்டார்ச்சை கார்ன்ஸ்டார்ச் என்பார்கள். அவர்கள் ஊர் கார்ன்ஃப்ளோர், முழுத் தானியத்தை நைசாக அரைத்தது. யூடியூபில் அமெரிக்கப் பெண்மணி ஒன்றைச் சொல்ல, நாம் ஐந்து ரோடு சூப்பர் மார்க்கெட்டில் இன்னொன்றை வாங்குகிறோம். பொலென்டாவுக்கு அவர் சொல்வது கார்ன்மீல், அதாவது நம் கணக்கில் மக்காச்சோள ரவை. பெயரை விடுங்கள், விரலை நம்புங்கள். வெள்ளையாக, முகப்பவுடர் மாதிரி வழுக்கி, அழுத்தினால் கிறீச் என்றால் அது ஸ்டார்ச். மஞ்சளாக, கோதுமை மாவு போல் மிருதுவாக இருந்தால் அது வடக்கே ரொட்டி சுடுகிற மக்கி ஆட்டா. அவசரத்துக்குக் களி வரும், ஆனால் வாயில் மணல்மணலான அந்தச் சுகம் வராது. மஞ்சளாக, உப்புமா ரவை போல் நறநறவென்று இருக்கிறதா? அதுதான். அது மட்டும்தான்.

எங்கே கிடைக்கும் என்று அடுத்த கேள்வி வரும். பொலென்டா என்றே அச்சிட்ட இறக்குமதி பாக்கெட் பெரிய கடைகளில் இருக்கிறது, விலையைப் பார்த்தால் பசி போய்விடும். கார்ன் கிரிட்ஸ், மக்காச்சோள ரவை என்று கேளுங்கள். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் விசாரித்தால் சாப்பாட்டுக்கான முழு மக்காச்சோளம் கிடைக்கும். மாவு மில்லில் ரவையாக உடைத்துத் தரச் சொல்லி, வீட்டில் சலித்து மாவைத் தனியே எடுத்துவிடலாம். ஏரிக்கரையில் வாங்கிய ஸ்வீட் கார்னை மிக்ஸியில் அடித்துவிட்டு "பொலென்டா செய்தேன்" என்று போட்டோ அனுப்பாதீர்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு.

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். நம் மாவட்டத்தில் விளைகிற மக்காச்சோளத்தில் பெரும்பகுதி நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. "தெரிஞ்சவர் மண்டியில மலிவா கிடைச்சுது சார்" என்று ஒருவர் அந்த மூட்டையிலிருந்து இரண்டு கிலோ கொண்டுவந்தார். கையில் அள்ளியதுமே பூசண வாடை. சரியாகக் காயாமல் ஈரத்தில் கிடந்த மக்காச்சோளத்தில் வருகிற பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுப்பது. ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தாலும் போகாது, கழுவினாலும் போகாது. கறுத்த, பச்சை பூத்த, பூசணம் வாசம் வருகிற தானியத்தைப் பொறுக்கி எடுத்து மிச்சத்தைச் சமைக்க வேண்டாம், மொத்தத்தையும் கொட்டுங்கள். இன்னொன்று, விதைக்கென்று சாயம் ஏற்றிய சோளம். சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது அழகுக்கு இல்லை, பூச்சிமருந்து கலந்ததற்கு அடையாளம். அதைச் சமையலறைக்குள்ளேயே விடக்கூடாது.

சரி, அடுப்புக்கு வருவோம். பொலென்டா என்றால் பயப்பட எதுவும் இல்லை, அது வட இத்தாலிக்காரர்களின் களி. மக்காச்சோளம் 1492-க்குப் பிறகுதான் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கே போனது. அதற்கு முன்னால் அங்கேயும் சிறுதானியத்திலும் கஷ்கொட்டை மாவிலும்தான் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் செம்புச் சட்டியும் நீளக் கட்டையும். நமக்குக் களிச் சட்டியும் துடுப்பும். ராகிக் களி கிண்டத் தெரிந்த ஒரு பாட்டி வீட்டில் இருந்தால் என் வகுப்புக்கே வர வேண்டாம்.

நான்கு பேருக்கு 200 கிராம் ரவை, ஒரு லிட்டர் தண்ணீர். தளர்வாக வேண்டும் என்றால் ஒன்றுக்கு ஐந்து, இதைக் குறைக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீரில் ஒரு கையால் மழைச்சாரல் மாதிரி தூவிக்கொண்டே மறுகையால் கிண்ட வேண்டும். கட்டி தட்டும் என்று பயமாக இருந்தால் பச்சைத் தண்ணீரிலேயே கரைத்து அடுப்பில் ஏற்றுங்கள், எந்த இத்தாலிக்காரனும் வந்து கேட்கப்போவதில்லை. அப்புறம் தீயைச் சிறிதாக்கி நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் கெட்டியாகிவிடும், அதைப் பார்த்து ஏமாந்து இறக்கிவிடாதீர்கள். கெட்டியானது வேறு, வெந்தது வேறு. ஒரு துளி எடுத்து ஆற்றி நாக்கில் வையுங்கள். நடுவில் கடினமாகத் தட்டுப்பட்டால் இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தொடருங்கள். முதல் நாள் இரவே ரவையை ஊறப் போட்டால் நேரம் நன்றாகக் குறையும். ஏற்காட்டில் வீடு இருப்பவர்கள் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம், தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். மலைக்கு வந்த புதிதில் இது புரியாமல் நானே இரண்டு நாள் பருப்போடு சண்டை போட்டிருக்கிறேன்.

"எத்தனை விசில் சார்?"

கேட்பீர்கள் என்று தெரியும். நேரடியாகக் குக்கரில் ஊற்றி விசில் விடுவது வேண்டவே வேண்டாம். கூழ் பொங்கி ஆவி போகிற துளையை அடைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவசரம் என்றால் ஊறவைத்த ரவையை உள்பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் வைத்து, குக்கரில் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். பிரஷர் தானாக அடங்கிய பிறகுதான் திறக்க வேண்டும். அடியில் படிந்திருக்கும், நன்றாகக் கடைந்துவிட்டால் சரியாகும்.

அடுத்தது தெறிப்பு. கூழ் கெட்டியானதும் உள்ளே மாட்டிய ஆவி குமிழியாக எழும்பி, பொத்தென்று வெடித்து வெளியே தெறிக்கும். வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். இது தோலில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து சுடும். என் முன்கையில் இரண்டு தழும்பு இருக்கிறது, ஒன்று பொலென்டா கொடுத்தது. அகலமான வாணலி வேண்டாம், ஆழமான கனத்த பாத்திரம் எடுங்கள். நீளமான துடுப்பு, சின்னத் தீ, கிண்டாத நேரத்தில் பாதி மூடி. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு கிண்டுகிற வேலை இது இல்லை, கண்ணுகளா, கெஞ்சிக் கேட்கிறேன். பட்டுவிட்டால் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மஞ்சள், தோசை மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். பெரிதாகக் கொப்பளித்தால், முகத்தில் பட்டால், டாக்டர்தான்.

சீஸ் கடைசியில். அடுப்பை அணைத்த பிறகு. கொதிக்கும்போது போட்டால் எண்ணெய் தனியே, நூல் தனியே பிரிந்து நிற்கும். முதலில் 40 கிராம் வெண்ணெய், பிறகு துருவிய சீஸ் 80 முதல் 100 கிராம், கை வலிக்க ஒரு நிமிடம் கிண்டினால் போதும். ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஃபோன்டினா என்ற சீஸைப் போடுவார்கள். நமக்குச் செடார் கட்டி தாராளம். சாதாரண அமுல் கட்டி சீஸும் வழுவழுப்பாகவே உருகும், ஆனால் உப்பு அதிகம், அதனால் தண்ணீரில் போடும் உப்பைப் பாதியாக்குங்கள். பனீர் உருகாது. எத்தனை நேரம் கிண்டினாலும் உருகாது. திரித்த விதம் அப்படி. பால் சேர்க்க ஆசை என்றால் கடைசிப் பத்து நிமிடத்தில். முதலிலிருந்தே பாலில் வேகவைத்தால் அடிபிடிக்கும். சுத்த சைவக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: அசல் பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட் போட்டுத்தான் திரிப்பார்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்கள்.

"சிறுதானியம்தானே சார், சுகர் ஏறாதே?" என்று கேட்ட பெரியவருக்கும் இங்கேயே பதில். மக்காச்சோளம் சிறுதானியம் இல்லை ஐயா, இதிலும் மாவுச்சத்துதான் அதிகம். அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தினம் மூன்று வேளையும் இதையே சாப்பிட்ட வட இத்தாலி ஏழைகளுக்கு 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பெலாக்ரா என்ற நோய் வந்து தோல் வெடித்தது, புத்தி பேதலித்தது. மக்காச்சோளத்தில் இருக்கிற நியாசின் சத்து உடம்பில் சேராதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோவில் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அதை விடுவித்துக்கொண்டார்கள். வாரம் ஒரு நாள் சீஸோடும் காயோடும் சாப்பிடுகிற உங்களுக்குப் பயமில்லை. டயட் என்று ஒரு மாதம் இதையே பிடித்துத் தொங்காதீர்கள், அவ்வளவுதான்.

மிஞ்சியதைச் சட்டியிலேயே இரவு முழுக்க விடாதீர்கள். தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் பலகை மாதிரி இறுகியிருக்கும். துண்டு போட்டுத் தோசைக்கல்லில் முறுகலாகச் சுட்டு, தட்டுவடை செட்டுக்கு வைக்கிற மாதிரி காரச் சட்னி தடவி, கேரட், பீட்ரூட் துருவல் வைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் சண்டை போட்டுச் சாப்பிடுவார்கள். எனக்கு முதல் நாள் பொலென்டாவைவிட இதுதான் இஷ்டம்.

அந்த அக்காவுக்கு இன்னும் மூன்று பாக்கெட் கார்ன்ஃப்ளார் பாக்கி இருக்கிறதாம். தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைக்கு இரண்டு ஸ்பூன் வீதம் சூப்புக்குப் போட்டால் அடுத்த ஆடி வரைக்கும் வரும்.