தொடருக்குள் அரசியல் எங்கே உட்கார்கிறது?

பிரேசிலில் 1965 முதல் 1999 வரை ஒளிபரப்பான 115 தொடர்களை எடுத்துவைத்துக்கொண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஓர் எளிய கணக்குப் போட்டார்கள். 50 வயதுக்கு உட்பட்ட முக்கியப் பெண் பாத்திரங்களுக்கு எத்தனை குழந்தைகள்? 72 சதவீதம் பேருக்கு ஒன்றுகூட இல்லை. 21 சதவீதம் பேருக்கு ஒரே குழந்தை. நிஜத்தில் 1970இல் அந்த நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 5.8 பிள்ளைகள், 2000இல் அது 2.3. தொடர்களை ஒளிபரப்பிய குளோபோ தொலைக்காட்சியின் சிக்னல் எல்லா ஊருக்கும் ஒரே ஆண்டில் போய்ச் சேரவில்லை. அதனால் சிக்னல் எட்டிய ஊரையும் எட்டாத ஊரையும் ஒப்பிட முடிந்தது. எட்டிய ஊர்களில் பிறப்பு விகிதம் கூடுதலாகக் குறைந்திருந்ததை 2012இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

இத்தனைக்கும் அந்தத் தொடர்கள் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. காதலும் சூழ்ச்சியுமாக ஓடும் கதையில் ஐந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரைக்கதை நகராது, அவ்வளவுதான். ஆனால் தினமும் திரையில் தெரிந்த குடும்பம் சின்னக் குடும்பமாக இருந்தது.

தொடரில் அரசியல் என்றதும் கதாநாயகன் எழுந்து நின்று பேசும் வசனம்தான் நம் நினைவுக்கு வரும். உண்மையில் செய்தி மிகவும் பலவீனமாக இருக்கும் இடம் அதுதான். நம்மை மாற்றப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த உடனே மனம் உஷாராகி, உள்ளுக்குள் மறுத்துப் பேச ஆரம்பிக்கிறது. கதையில் மூழ்கியிருக்கும்போது அந்த மறுபேச்சு அடங்கிப்போகிறது. அடுத்து என்ன ஆகுமோ என்று தவிக்கும் மனதுக்கு வாதாட நேரம் இல்லை. கதையில் ஆழ்ந்து போனவர்கள் கதை சொல்லும் கருத்துகளையும் அதிகமாக ஏற்கிறார்கள் என்பதை கிரீன், பிராக் என்ற உளவியலாளர்கள் 2000இல் சோதித்துக் காட்டினார்கள். 2007இல் வந்த இன்னொரு சோதனை கொஞ்சம் பயமூட்டுவது. கதைக்குள் நுழைத்த தவறான தகவல்களின் மீதான நம்பிக்கை இரண்டு வாரம் கழித்துக் குறையவில்லை, கூடியிருந்தது. கேட்டது கதையில் என்பது மறந்துபோகிறது. தகவல் மட்டும் தங்கிவிடுகிறது.

இதைத் தெரிந்தே பயன்படுத்தியவர் மெக்சிகோவின் மிகேல் சபிதோ. அவரது முறையில் பாத்திரங்கள் மூன்று வகை: நல்வழியில் போகிறவர், எதிர்வழியில் போகிறவர், நடுவில் தயங்கி நிற்பவர். பார்வையாளர் ஒட்டிக்கொள்வது மூன்றாமவரிடம். தயங்கி, தவறு செய்து, அடிபட்டு, மெல்ல மாறுகிறவர் அவர். மாற்றத்துக்குப் பல வாரங்கள் வேண்டும். 1975இல் முதியோர் கல்விக்காக அவர் எடுத்த தொடரில், பாடப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று ஓர் எபிசோடில் சொன்னார்கள். மறுநாள் சுமார் 25,000 பேர் அந்தக் கிடங்கின் முன் திரண்டுவிட்டார்கள். கதை மனதைத் திறந்தது என்றால், முகவரி கால்களை நகர்த்தியது. அந்த முகவரி இல்லாமல் எத்தனையோ நல்ல தொடர்கள் கண்ணீரோடு முடிந்துபோயிருக்கின்றன. 1984இல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’ தொடரும் இதே முறையில் பிறந்ததுதான். அதில் ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து சில வார்த்தை பேசுவார்.

ஒரு காட்சியை அருகில் வைத்துப் பார்ப்போம். தொழிற்சாலையில் ஓவர்டைம் கூலியைத் திருடுகிறார்கள் என்பது செய்தி. தொழிலாளி ஒருவர் இரண்டு நிமிடம் உரிமை பற்றிப் பேசினால், ஏற்கெனவே அந்தப் பக்கம் இருப்பவர் கைதட்டுவார், மற்றவர் ரிமோட்டைத் தேடுவார். பேச்சை எடுத்துவிட்டு, பதிவேட்டில் 11 மணி நேரத்தை மேலாளர் அடித்து 8 ஆக்குவதைக் கணக்கெழுத்தர் பார்ப்பதாக வையுங்கள். அவர் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். நான்கு எபிசோடு கழித்து அதே அடித்தல் அவர் தம்பியின் பெயருக்கு நேரே வருகிறது. இப்போது பார்ப்பவருக்கும் குற்ற உணர்வில் பங்கு உண்டு, ஏனென்றால் அன்று பேசாமல் இருந்தது நியாயம் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். யார் பேசுகிறார் என்பதைவிட, கதையில் யார் விலை கொடுக்கிறார் என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

அப்படியும் தவறிப் போகும். 1971இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்ற சிட்காமில் (நகைச்சுவைத் தொடரில்) ஆர்ச்சி பங்கர் என்ற இனவெறி பிடித்த குடும்பத் தலைவர் வருவார். அவரைக் கேலி செய்வதுதான் நோக்கம். 1974இல் வித்மார், ரோக்கீச் என்ற ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஏற்கெனவே இனப் பாகுபாடு மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியையே ரசித்தார்கள். அவர் சொல்வது சரி என்றார்கள். சிரிப்பு எல்லோருக்கும் பொது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது பொது அல்ல. சிட்காமின் அமைப்பும் இதற்கு உடந்தை. அரை மணி நேரத்துக்குள் சிக்கல் தீர்ந்து, அடுத்த வாரம் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிட வேண்டும். ஆர்ச்சி எதற்கும் பெரிய விலை கொடுப்பதில்லை.

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி அப்படி இருந்ததற்குக் காரணம் பணம். மூன்றே பெரிய சேனல்கள், வருமானம் முழுக்க விளம்பரம். அதிகம் பேர் விரும்புவதைக் காட்டத் தேவையில்லை, யாரும் எழுந்து சேனலை மாற்றாமல் இருந்தால் போதும் என்பதே அன்றைய கணக்கு. 1972இல் ‘மாட்’ என்ற சிட்காம் கருக்கலைப்பைத் தொட்டது. மறு ஒளிபரப்பின்போது பல நிலையங்கள் அதைப் போட மறுத்தன, விளம்பரதாரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

விளம்பர நேரத்தைக் கொண்டு செய்தியை வாங்கவும் முடிந்தது. 1990களின் இறுதியில் அமெரிக்க அரசின் போதைத் தடுப்புப் பிரச்சாரம் சேனல்களில் விளம்பர நேரம் வாங்கியது. வாங்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு நிமிடம் இலவசமாகத் தர வேண்டும் என்பது நிபந்தனை. விளம்பரச் சந்தை சூடுபிடித்ததும் சேனல்களுக்கு அந்த இலவச நேரம் உறுத்தியது. அதற்குப் பதிலாக, கதைக்குள்ளேயே போதை எதிர்ப்பு வந்தால் கணக்கில் வரவு வைக்க அரசு ஒப்புக்கொண்டது. அரை மணி நேரத் தொடருக்கு 30 நொடி விளம்பரங்கள் மூன்று, ஒரு மணி நேரத் தொடருக்கு ஐந்து என்று வரவு. பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியாது. 2000 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தது.

ஓடிடி வந்த பிறகு இந்தக் கணக்கே மாறியது. 2013இல் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் 13 எபிசோடுகளும் ஒரே நாளில் இறங்கின. சந்தாதாரர் விலகாமல் இருந்தால் போதும் என்றான பிறகு, எல்லோருக்கும் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிலருக்கு வெறியாகப் பிடித்தாலே லாபம். தொடக்கத்தில் விளம்பர இடைவேளை இல்லாததால், இடைவேளைக்கு முன் ஒரு திருப்பம் என்ற கட்டாயமும் போனது. முன்பு ஒரு சீசனுக்கு 22 எபிசோடு இருந்தபோது ஒன்றைச் சமூகப் பிரச்சினைக்கு ஒதுக்க முடிந்தது. எட்டு எபிசோடில் அதற்கு இடம் ஏது? அதனால் அரசியல் கதைக்கருவுக்குள்ளேயே இறங்கிவிட்டது. தென்கொரியாவின் ‘ஸ்குவிட் கேம்’ தொடரில் கடன்தான் கதை. கடனைப் பற்றித் தனியாக ஒருவர் உரையாற்ற வேண்டியதில்லை.

மறுபக்கம், ஒரே நாளில் உலகம் முழுவதும் வெளியாகும் தொடருக்குக் கட்சிப் பெயரும் தலைவர் பெயரும் சுமை. எதிரி பெயரில்லாத கார்ப்பரேட்டாகவோ கற்பனை அரசாகவோ மாறிவிடுவது, துணிச்சலைவிட விற்பனைக்கு வசதியானது என்பது என் எண்ணம். பெயர் சொன்னால் என்ன ஆகும்? 2018 இறுதியில், சவூதி இளவரசரை விமர்சித்த ‘பேட்ரியாட் ஆக்ட்’ என்ற அரசியல் நகைச்சுவை நிகழ்ச்சியின் எபிசோடை நெட்ஃபிளிக்ஸ் அந்நாட்டில் மட்டும் நீக்கியது. மற்ற நாடுகளில் ஓடியது. பழைய காலத்துத் தணிக்கை எல்லோர் கண்ணிலும் ஒரே மாதிரி பட்டது; இப்போது இரண்டு நாட்டில் ஒரே தொடரைப் பார்ப்பவர்கள் பார்ப்பது ஒன்றேதானா என்பதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேல் கைபேசித் துண்டு வீடியோ. கணக்கெழுத்தர் நான்கு எபிசோடாகத் தயங்கியது துண்டில் வராது. வெட்டி எடுக்கச் சுலபமானது மேலாளர் மிரட்டும் 40 நொடிதான். பின்னணி இசை சேர்த்து அதைக் கெத்து வீடியோவாக்கி ஒருவர் போடுவார். கீழே இதயக்குறி போடுகிறவர்களில் பலர் அந்தத் தொடரைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.