தோடம்பழம் தொலைத்த ‘ந’

மட்டக்களப்புச் சந்தையில் தோடம்பழம் பொறுக்கிக்கொண்டு நின்றபோது மருமகள் கேட்டாள்: “மாமா, இதுக்கு இங்கிலீசில ஏன் ஆரஞ்ச் எண்டு பேர்?”

அந்தச் சொல் நம் நாரத்தைக்கு உறவு. சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச். சமஸ்கிருதத்துக்கே அது திராவிட மொழியிலிருந்து போனது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. அம்பாறைச் சிங்களவர் வாயில் வரும் நாரங்கும் இந்தக் குடும்பம்தான். எல்லாவற்றிலும் முன்னால் ‘ந’ நிற்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் எங்கே போயிற்று?

சரி, ஒரு சோதனை. “அவன் அடிச்சான்”, “அவன் நடிச்சான்” இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு மேலே ஒட்டி ஒருமுறைதான் விடுபடுகிறது. அந்த ஒலி முதற்சொல்லின் வாலா, அடுத்ததன் தலையா? காற்றில் அதற்குத் தெளிவான விடை இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி காகிதத்தில்தான் உண்டு. பேச்சு ஒரே ஓட்டம். வெட்டுவது கேட்பவரின் மூளை. எந்த அசையோடு எந்த அசை அடிக்கடி சேர்ந்து வருகிறது என்று கணக்கு வைப்பது அதற்கு ஒரு முக்கிய வழி. எட்டு மாதக் குழந்தைகள், இடைவெளியே இல்லாத செயற்கைப் பேச்சை இரண்டே நிமிடம் கேட்டு அதிலிருந்த ‘சொற்களை’ இனங்கண்டதை 1996இல் ஓர் ஆய்வு காட்டியது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அடிக்கடி கேட்காத சொல் என்றால் கணக்கு பிசகும். பழைய இத்தாலிய மொழியில் “ஊன் நராஞ்சோ” என்றால் ‘ஒரு நாரத்தை’. அதை “ஊன் அராஞ்சோ” என்று வெட்டினாலும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அப்படி ‘ந’ விழுந்த வடிவமே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலேயரும் இதையே செய்தார்கள்: சமைக்கும்போது கட்டும் மேலுடையான “அ நேப்ரன்” என்பது “அன் ஏப்ரன்” ஆயிற்று, கிரிக்கெட் அம்பயரும் பழைய ‘நம்பயர்’தான். நிறத்துக்கு அந்தப் பெயர் வந்தது அப்புறம், 16ஆம் நூற்றாண்டில்.

ஒலி ஒத்திருந்தாலே ‘அது தமிழ்’ என்று அடித்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாரத்தைக்கு நாடு நாடாகத் தடயம் இருக்கிறது. அந்த உழைப்பு ஒவ்வொரு சொல்லுக்கும் வேண்டும்.

மருமகள் வீடு வரைக்கும் “அவன் நடிச்சான், அவன் அடிச்சான்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தமிழ்நாட்டுக் கடைகளில் அந்தப் பழத்துக்கு ஆரஞ்சு என்று பெயர். ‘ந’வோடு போனது, அது இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது.