சோபாவுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அம்மாவின் காலை அளந்து பாருங்கள்

தர்மபுரியில் பிஸியோதெரபி பார்க்கிறேன். "வீட்டில் எதில் உட்காருகிறீர்கள்?" என்று மூட்டுவலிக்காரர்களிடம் முன்பு நான் கேட்டதே இல்லை. பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாதான் கேட்க வைத்தார். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நன்றாக நடந்துகொண்டிருந்தவர். மகன் புது வீட்டுக்கு டிசைனர் சோபா செய்து போட்டார். அதில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். எதற்குப் பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று ஹாலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சில மாதத்தில் தொடைத்தசை மெலிந்து மறுபடி என்னிடம் வந்தார்.

படத்தைக் காட்டச் சொன்னேன். தரையோடு தரையாக, மடிப்பு மடிப்பாக, கைப்பிடி இல்லாமல் இருந்தது. 1973ல் பிரான்சில் மிஷேல் டுக்கரோய் வடிவமைத்த 'டோகோ' சோபாவின் சாயல். அசல் டோகோவுக்குள் மரச்சட்டமே கிடையாது, முழுக்க ஃபோம். இருக்கை உயரம் 38 சென்டிமீட்டர், அதாவது 15 இன்ச். ஓய்வாகச் சாய்ந்து கிடக்க நினைப்பவருக்கு அது அருமையான இருக்கை. ஆனால் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டால், எழும்போது மொத்த உடம்பையும் தொடையும் முழங்காலும்தான் தூக்கியாக வேண்டும். கை ஊன்ற இடமும் இல்லையென்றால் பெரியவர்கள் என்ன செய்வார்கள்?

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல்தான் வந்தது. அதற்கு முன் ஃபுளோரைடு மிகுந்த போர் தண்ணீரையே பல கிராமங்கள் குடித்தன. அது பல்லில் கறையாகத் தெரியும். பல வருடம் குடித்தவர்களுக்கு முதுகையும் மூட்டையும் இறுக்கவும் செய்யும். அப்படி இறுகிய உடம்போடு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். தாழ்ந்த சோபா அவர்களுக்குக் குழி மாதிரி.

சோபாவைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தோள்வலிக்கு வந்த ஒரு குஷன் வேலைக்காரர். நாளெல்லாம் குனிந்து ஸ்டேப்ளர் கன் அடிப்பவர். சட்டத்தைத் தரையில் போடாமல் இடுப்புயர ஸ்டாண்டில் வைத்து அடிக்கச் சொன்னேன். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "படத்துல இருக்கிற மாதிரியே வேணும்பாங்க சார். யாரு உக்காரப் போறாங்கன்னு ஒருத்தரும் சொல்றதில்ல." டேப் வைத்து 17 இன்ச் என்று அளந்தாலும், மட்டமான ஃபோமாக இருந்தால் ஆள் உட்கார்ந்ததும் இரண்டு மூன்று இன்ச் இறங்கிவிடும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஆகவே உட்கார்ந்து பார்த்து அளக்க வேண்டும். குதிகாலிலிருந்து முழங்கால் பின்மடிப்பு வரை எவ்வளவோ, அதைவிட ஓரிரு இன்ச் உயரமாக இருக்கை நிற்கட்டும். முதுகு சாய்மானத்தைத் தொட்டபடி உட்காரும்போது, முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். கைப்பிடி அவசியம். ஏற்கெனவே வாங்கியாயிற்றா? அடியில் உயரமான கால் பொருத்தலாம், ஃபோமை மட்டும் கெட்டியானதாக மாற்றலாம். அந்த அம்மா வீட்டில் இந்த இரண்டையும்தான் செய்தார்கள். இப்போது சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து பேத்தியோடு டிவி பார்க்கிறார்.

குஷன்காரர் இப்போது ஆர்டர் எடுக்கும்போதே ஒரு நூல் கேட்கிறார். வீட்டில் மூத்தவரின் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து வெட்டிய நூல். போன வாரம் பாலக்கோட்டிலிருந்து வந்த நூல் 16 இன்ச் இருந்ததாம். உட்கார்ந்தால் இருக்கை 18 இன்ச்சில் நிற்கும்படி சட்டம் போட்டிருக்கிறார்.