ரிஜிஸ்டர் விழுங்கிய மாத்திரைகள்

கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துணை சுகாதார நிலையம். ரிஜிஸ்டரில் ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருவர். பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) இருக்கிறது, எடை இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரைக்கு மாதாமாதம் டிக் இருக்கிறது. ஹெச்.பி. (ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு) மட்டும் 8.4-ஐ விட்டு நகரவில்லை. கிராமச் செவிலியரைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தேன். சாமை வைத்திருந்த டின்னுக்குப் பின்னாலிருந்து மாமியார் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைகள். ஒரே ஒரு அட்டையில் மட்டும் இரண்டு குழி காலி.

"ரெண்டு போட்டேன். வெளிக்கி கருப்பாப் போச்சு. பயந்து நிறுத்திட்டேன்" என்றார் அந்தப் பெண். மாமியாரின் கவலை வேறு: மாத்திரை போட்டால் புள்ள பெருத்துவிடும், அப்புறம் கீழே கொண்டுபோய் வயித்தைக் கிழிப்பாங்க.

திரும்பும் வழியில் கேட்டேன். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும் மேடம்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா ரிவியூ மீட்டிங்ல எழுந்து நிக்கச் சொல்லுவீங்களே."

அந்த மீட்டிங்கை மாதாமாதம் நடத்தியவள் நான்தான்.

ஊசி போட, பிரசவம் பார்க்க, பி.பி. எடுக்க எல்லாம் பயிற்சி கொடுக்கிறோம். மேற்பார்வைக்குத் தகுதி பெரும்பாலும் சீனியாரிட்டிதான். இருபது வருடம் நன்றாக வேலை பார்த்த செவிலியருக்குப் பதவி உயர்வு ஆர்டர் வரும். ஆறு துணை நிலையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது கணக்கு. கீழே இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். தன்னை எப்படி நடத்தினார்களோ, அப்படியே அவரும் நடத்துவார்.

மலையில் இது இன்னும் வலிக்கும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. காகிதத்தில் சுமை குறைவு. நடந்து பார்த்தால் ஒரு குக்கிராமத்துக்குப் போய்வரவே பொழுது சாய்ந்துவிடும். போனில் சிக்னலும் கிடையாது. மேற்பார்வையாளர் வரும் அந்த ஒரு நாள்தான் செவிலியர் மனம்விட்டுப் பேசக் கிடைக்கும் நாள். அதுவும் ரிஜிஸ்டரைப் பத்தி பத்தியாகக் கூட்டிப் பார்ப்பதிலேயே போய்விடும்.

முதலில் நாங்களும் 'தொடர்புத் திறன்' என்று ஹாலில் ஒரு பயிற்சி வைத்தோம். புரொஜெக்டர், வடை, டீ, சான்றிதழ். ஒன்றும் மாறவில்லை. அடுத்த முறை ஸ்லைடை மூடிவிட்டு நடித்துப் பார்க்கச் சொன்னோம். மூத்த செவிலியர் ஒருவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமியாராக உட்கார்ந்தார். எதிரே இருந்தவர் ரத்தசோகை, முருங்கைக்கீரை, பேரீச்சை என்று மூச்சுவிடாமல் பேசி முடித்தார். மாமியார் நிதானமாகக் கேட்டார்: "எல்லாம் சரி நர்சம்மா, வெளிக்கி ஏன் கருப்பாப் போகுது?" கூடமே சிரித்தது. பேசியவருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அந்தக் கேள்வியை அங்கிருந்த ஒருவரும் இனி மறக்க மாட்டார்கள்.

'புரிஞ்சுதா?' என்று கேட்பதை விட்டுவிடச் சொன்னோம். அதற்கு எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அதற்குப் பதில், "வீட்டுக்காரர் கேட்டா இதை எப்பப் போடணும்னு சொல்லுவீங்க?" என்று கேட்கலாம். "காலையில டீயோட" என்று பதில் வரும். டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் அப்படித்தான். தலையாட்டலில் இதெல்லாம் வெளியே வராது.

மேற்பார்வையாளருக்கு நாங்கள் சொன்னது: வீட்டில் ஓரமாக உட்காருங்கள், இடையில் புகாதீர்கள், குறையைத் தாயின் முன்னால் சொல்லாதீர்கள். நடந்து திரும்பும்போது முதலில் செவிலியரையே பேச விடுங்கள். இதைச் சிலர் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டதால் ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பி.பி. 160/110, தலைவலி, கண் மங்கல் என்றால் மரியாதை பார்த்து ஓரத்தில் உட்காரக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிட்டு, நீங்களே இறங்கி வேலையைப் பார்க்க வேண்டும்.

டப்பா வைத்திருந்த பெண்ணுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டதால் இரும்பு சுக்ரோஸ் டிரிப் ஏற்றினோம். அந்தக் கறுப்பு நிறம் மாத்திரையின் இரும்பால் வருவது, பயமில்லை என்று மாமியாரிடம் சொன்னது அதே செவிலியர்தான். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

ரிவியூ மீட்டிங்கில் முதல் கேள்வியை மாற்றினேன்: "இந்த மாசம் எந்த வீட்டுல உங்களால முடியலை?" முதல் மாதம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் மாதம் ஒருவர், தரையைப் பார்த்துக்கொண்டே. பிறகு ரிஜிஸ்டரில் 'கொடுக்கப்பட்டது' பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பத்தி போட்டோம்: வீட்டில் எண்ணிய காலி குழிகள். எங்கள் எண்கள் சரிந்தன. மேலே நடந்த கூட்டத்தில் ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். எழுந்து நின்று பதில் சொன்னேன்.