மோரு குடிச்சா இறங்குமா? ஒரு டீக்கடை கிளாஸ் கணக்கு

போன வாரம் ராத்திரி அக்கா பையன் மெசேஜ் பண்றான், "மாமா, செம் லீவுக்கு பசங்களோட பாண்டி போறோம், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, சரக்கு ஓவராயிட்டா போதைய இறக்கறதுக்கு மோர் பெஸ்ட்டா லெமன் ஜூஸ் பெஸ்ட்டா?"ன்னு. அவனுக்கு வயசு 20. தமிழ்நாட்டுல குடிக்க 21 ஆகணும், பாண்டில 18 போதும், லீவு விட்டா ஈசிஆர்ல அவ்ளோ பைக் போறதுக்கு அதுவும் ஒரு காரணம். அட்வைஸ் பண்ணா பிளாக் பண்ணிடுவான், அதனால பயாலஜி சொன்னேன்.

ரெண்டுமே வேஸ்ட்டுடா. குடிச்ச ஆல்கஹால்ல கொஞ்சம் வயித்துலயும் மீதி சிறுகுடல்லயும் ரத்தத்துல கலந்துடும், சாப்பிட்டிருந்தா கொஞ்சம் மெதுவா கலக்கும், அப்புறம் கல்லீரல்ல ஒரு என்சைம் அத அசிட்டால்டிஹைடா மாத்தும், இன்னொரு என்சைம் அத அசிட்டேட்டா மாத்தும், கதை முடிஞ்சது. இதெல்லாம் பிளஸ் டூ புக்கு லெவல்தான்.

எனக்குப் பிடிச்ச இடம் இதுக்கு நடுவுல இருக்கு. அந்த என்சைம் ஆல்கஹால்லேர்ந்து ஹைட்ரஜனப் பிடுங்குது இல்லையா, அத வாங்கிக்க என்ஏடின்னு ஒரு குட்டி மூலக்கூறு காலியா நிக்கணும். டீக்கடைய நினைச்சுக்கோங்க. மாஸ்டர் ரெடி, பால் கொதிக்குது, டிகாஷன் இருக்கு, ஆனா கடைல மொத்தமே இருபது கிளாஸ்தான், இருபதும் வெளிய போயிடுச்சுன்னா அது கழுவி வர்ற வரைக்கும் இருபத்தோராவது ஆள் நிக்க வேண்டியதுதான், பத்து பேர் நின்னாலும் நூறு பேர் நின்னாலும் கிளாஸ் வர்ற வேகம் மாறாது. இங்க கிளாஸ்னா என்ஏடி, அத கழுவுற தொட்டி முக்கியமா செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியா. நிறைய மருந்துங்க ரத்தத்துல எவ்ளோ கூடுதோ அவ்ளோ வேகமா வெளியேறும். ஆல்கஹால் அப்படி இல்ல, கொஞ்சம் உள்ள போனதுமே கிளாஸ் தட்டுப்பாடு வந்துடும், அதுக்கப்புறம் மணிக்கு சுமாரா 8 கிராம், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னப்பின்ன. மோர், பிளாக் காபி, ஊறுகா எதுவும் அந்தத் தொட்டி பக்கமே போகாது. பழத்துல இருக்கற ஃப்ரக்டோஸ் மட்டும் கழுவுற வேகத்த லேசா கூட்டும்னு தெரியும், ஆனா அதுக்கு வேண்டிய அளவு உள்ள போனா வயிறு வேற தனியா கச்சேரி வைக்கும், அதனால டாக்டருங்க அத வைத்தியமா எடுத்துக்கல. இதுக்குன்னு மாத்திரை விக்கிறவன் விளம்பரத்துக்குக் கொட்டுற காசுல கால்வாசி நம்ம ஊரு லேபுக்குக் குடுத்தா உருப்படியா நாலு வேலை நடக்கும், சரி அது வேற பஞ்சாயத்து.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. அதே கிளாஸ்தான் சர்க்கரை செய்யறதுக்கும் வேணும். நாம சாப்பிடாம இருந்தா கல்லீரல் முதல்ல தன் கையிருப்பு சர்க்கரையான கிளைக்கோஜனக் காலி பண்ணும், அப்புறம் லாக்டேட் மாதிரி சாமான்லேர்ந்து புதுசா குளுக்கோஸ் தயாரிக்கும், அதுக்கும் காலி என்ஏடி தேவை. எல்லா கிளாஸும் சரக்கு பார்ட்டிகிட்ட மாட்டிக்கிச்சுன்னா சர்க்கரை வேலை நின்னுடும். "வெறும் வயித்துல அடிச்சா சீக்கிரம் ஏறும், காசு மிச்சம்"னு கணக்கு போட்டு காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடாம இருக்கற பசங்க இருக்காங்களே, அவங்களுக்குத்தான் இது. சர்க்கரை இறங்கினாலும் பேச்சு குழறும், தள்ளாடும், சுருண்டு படுப்பான், பாக்கறவனுக்கு வித்தியாசமே தெரியாது, "மச்சான் மட்டை"ன்னு போர்வைய போத்திட்டுப் போயிடுவாங்க.

மட்டையானவன் வயித்துல கடைசி ரவுண்டு இன்னும் கிடக்கும், அது ரத்தத்துல கலந்து முடிய ஒரு மணி நேரம் கூட ஆகலாம், அதாவது தூங்கும்போதும் ஏறிக்கிட்டே இருக்கும். அதே நேரம் தொண்டைல இருக்கற தற்காப்பு அசந்துடும், மல்லாக்கப் படுத்து வாந்தி எடுத்தா அது நுரையீரலுக்குள்ள போகும். அதனால ஒருக்களிச்சுப் படுக்க வை, ஒருத்தன் முழிச்சிருந்து பக்கத்துல உக்காரணும். தட்டினா எழுந்துக்கல, நிமிஷத்துக்கு எட்டு மூச்சு கூட வரல, உதடு நீலமாகுதுன்னா வீட்டுக்குத் தெரிஞ்சுடுமேன்னு யோசிக்காம 108. வாயில சர்க்கரைத் தண்ணி ஊத்தாத, புரையேறும். சினிமால வர்ற மாதிரி தலைல குடம் குடமா தண்ணி ஊத்தினா ஈரமான போதைக்காரன் கிடைப்பான், அவ்ளோதான், ஏற்கனவே உடம்பு சூட்ட இழந்துட்டு இருக்கறவன இன்னும் குளிர வைக்கற வேலை அது.

"காலைல பைக்ல கிளம்பிடுவோம் மாமா"ன்னான். சரி கணக்கு போடுன்னேன். குவார்ட்டர் 180 மில்லி, லேபிள்ல 42.8 சதவீதம், எடையில 61 கிராம் ஆல்கஹால். கூட ஒரு 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம்னா 41. மொத்தம் 102. ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சா காலைல 8 மணிக்கு 72 போயிருக்கும், 30 கிராம் பாக்கி. 65, 70 கிலோ பையனுக்கு அது 100 மில்லி ரத்தத்துல 60 மில்லிகிராமுக்கு மேலயே நிக்கும், சட்டத்துல லிமிட் 30. தூங்கி எழுந்து பல்லு வெளக்கி இட்லி சாப்பிட்டு ஃப்ரெஷ்ஷா இருக்கற மாதிரிதான் இருக்கும், ஆனா முழுசா கழுவி முடிக்க மதியம் ஆகிடும்.

அரை மணி நேரம் பதிலே இல்ல. அப்புறம் வந்துச்சு, ரூம்காரன்கிட்ட செக் அவுட் ரெண்டு மணி வரைக்கும் தள்ளிப் போடுவாங்களான்னு கேட்டுட்டிருக்கானாம்.