வேனுக்கு 80, டிரைவருக்கு 50

மறுபடியும் அதே பட்ஜெட் தாள். அமெரிக்காவில் முதியோரை டாக்டரிடமும் மளிகைக் கடைக்கும் கூட்டிப்போக வேன் விட நினைக்கும் ஒரு தொண்டு அமைப்பின் விண்ணப்பம். ஓட்டுநர் சம்பளம், பெட்ரோல், காப்பீடு எல்லாவற்றையும் கூட்டி, அடியில் "ஃபெடரல் பங்கு 80%" என்று ஒரு வரி. மீதி 20 சதவீதத்துக்கு எதிரே "பயணிகள் தரும் கட்டணம்" என்று இன்னொரு வரி. இருப்பது இரண்டே வரி, இரண்டுமே தப்பு. இதில் வேனுக்கு ஏற்கெனவே அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது என்று மூன்றாவதாக ஒரு தகவல் வரும்போது, பரிசீலிக்கிறவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

பேசுவது செக்‌ஷன் 5310 நிதியைப் பற்றி. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் போக்குவரத்து வசதி செய்ய ஃபெடரல் டிரான்ஸிட் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது எஃப்.டி.ஏ., ஆண்டுதோறும் பிரித்துக் கொடுக்கும் பணம். மொத்தத்தில் 60 சதவீதம் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதிகளுக்கு. 20 சதவீதம் ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சத்துக்குள் இருக்கும் சிறு நகர்ப்பகுதிகளுக்கு. மிச்சம் 20 கிராமப்புறத்துக்கு. கடைசி இரண்டும் மாநிலப் போக்குவரத்துத் துறை வழியாக வரும். பெருநகரத்துக்கு அங்கே நியமிக்கப்பட்ட வேறொரு அமைப்பு பொறுப்பாக இருக்கலாம். எனவே யாரிடம் விண்ணப்பிப்பது என்பது உங்கள் ஊர் எந்தப் பிரிவில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு ஃபோனில் தெரிந்துகொள்ளலாம். அந்த ஒரு ஃபோனைக்கூடச் செய்யாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது அந்த 80-க்கு வருவோம். இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் காதில் ஏறுவதில்லை, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். 80 சதவீதம் என்பது மூலதனச் செலவுக்கு: வேன், சக்கர நாற்காலி லிஃப்ட், ரேடியோ, கணினி போன்றவை. வேன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமான ஏ.டி.ஏ.-வுக்கு இணங்கும்படி வாங்கப்படுவதாக இருந்தால் 85 வரை போகும். ஆனால் அந்த வேனை ஓட்டுகிற செலவு, அதாவது சம்பளம், எரிபொருள், காப்பீடு, இயக்கச் செலவு என்ற கணக்கில் வரும். அதற்கு ஃபெடரல் பங்கு அதிகபட்சம் 50. அந்த 50-ம் மொத்தச் செலவில் கிடையாது. கட்டணத்தைக் கழித்த பிறகு நிற்கும் நிகரச் செலவில்.

எண்களை வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். வேன் ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநருக்கு வருடம் 52,000, எரிபொருள் 9,000, காப்பீடு 11,000, ஃபோன் எடுத்துப் பயணம் குறிக்கிறவருக்கும் சில்லறைச் செலவுக்கும் 8,000. ஆக மொத்தம் 80,000. பயணிகளிடமிருந்து வருடத்துக்கு 6,000 கட்டணம் வருகிறது. நம் நண்பர்களின் கணக்குப்படி அரசு 64,000 தரும், மிச்சம் 16,000-ல் கட்டணம் 6,000 போக அமைப்பு போடவேண்டியது வெறும் 10,000. உண்மையான கணக்கு இது: 80,000-ல் 6,000 கழித்தால் 74,000. அதில் பாதி 37,000 அரசு தரும். இன்னொரு 37,000 உங்கள் தலையில். வருடத்துக்கு 27,000 துண்டு. நான்கு வருடத்தில் 1,08,000. அந்தப் பணத்துக்கு முழு விலை கொடுத்து இன்னொரு வேனே வாங்கிவிடலாம். யானையை வாங்கிக் கட்டிவிட்டுத் தீனிக்கு அலைகிற கதைதான்.

கட்டணத்தை ஏன் மேட்ச் பணமாக, அதாவது அமைப்பு தன் பக்கம் போடவேண்டிய பங்காகக், காட்டக்கூடாது என்று கேட்பார்கள். காரணம் எளிது: அது ஏற்கெனவே செலவிலிருந்து கழிக்கப்பட்டுவிட்டது. ஒரே காசை இரண்டு இடத்தில் எழுத முடியாது. ஆனால் இதில் ஒரு நல்ல திருப்பம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையத்தோடு ஒப்பந்தம் போட்டு, அவர்களின் ஆட்களை ஏற்றிச் செல்ல அவர்கள் உங்களுக்குப் பணம் தருகிறார்கள் என்றால், அந்த ஒப்பந்த வருமானத்தை மேட்ச்சாகக் காட்ட அனுமதி இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் அப்படி 20,000 வந்தால், 37,000 சுமை 17,000 ஆகிவிடும். வேனில் ஏறும் அம்மா கையில் கொடுக்கும் இரண்டு டாலர் கட்டணம். மையம் அனுப்பும் காசோலை ஒப்பந்த வருமானம். பெட்டியில் விழுகிற பணம்தானே என்று இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதிவிடாதீர்கள்.

மேட்ச்சுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. மாநில, உள்ளாட்சிப் பணம், நன்கொடை எல்லாம் செல்லும். வேறு ஃபெடரல் துறைகளின் பணமும் செல்லும், அது போக்குவரத்துக்குச் செலவழிக்கத் தகுதியுள்ளதாக இருந்தால். முதியோர் நலத்துக்கான ஓல்டர் அமெரிக்கன்ஸ் ஆக்ட் பணம் ஃபெடரல் சுகாதாரத் துறையிலிருந்து வருவதால் செல்லுபடியாகும். ஃபெடரல் போக்குவரத்துத் துறையின் இன்னொரு மானியத்தைப் பொதுவாகக் காட்ட முடியாது. தன்னார்வலர் உழைப்பையும் மதிப்புப் போட்டுக் காட்டலாம், ஆனால் தேதி, நேரம், செய்த வேலை, கையெழுத்து நான்கும் இருக்கிற தாள் வேண்டும். "எல்லாரும் வந்து உதவுவாங்க" என்ற கடிதத்தை வைத்துக்கொண்டு தணிக்கையாளர் என்ன செய்வார்?

இந்த ஓல்டர் அமெரிக்கன்ஸ் ஆக்ட் 1965-ல் வந்தது. முதியோர் நல முகமைகள் வழியாக இறங்குகிற பணம் இதுதான். இங்கே வயது வரம்பு 60. செக்‌ஷன் 5310-ல் முதியோர் என்றால் 65. ஒரே வேனில் இரண்டு நிதியும் கலந்து ஓடும்போது, மாற்றுத்திறனாளி அல்லாத 62 வயதுக்காரர் ஒரு கணக்கில் தகுதியானவர், இன்னொன்றில் இல்லை. பிறந்த தேதியை முதல் நாளே பதிவுசெய்யாவிட்டால் வருடக் கடைசியில் பிரிக்கவே முடியாது. இன்னொன்று: ஓல்டர் அமெரிக்கன்ஸ் பணத்தில் பயணம் செய்கிறவரிடம் பொதுவாக டிக்கெட் போட்டுக் காசு கேட்கக் கூடாது. விரும்பினால் போடுங்கள் என்று ஒரு பெட்டி வைக்கலாம். போடாதவரை இறக்கிவிடக் கூடாது, யார் எவ்வளவு போட்டார் என்பது ஓட்டுநர் கண்ணில் படும்படியும் வைக்கக் கூடாது. வருமானச் சான்று கேட்பதும் ஆகாது. உள்ளே விழும் பணம் அதே சேவையை விரிவாக்கத்தான். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்து "2 டாலர்" என்று ஒட்டியிருந்தால், அது நன்கொடைப் பெட்டி இல்லை, உண்டியல் வேஷம் போட்ட டிக்கெட் கவுண்டர்.

முன்கூட்டியே வேன் வாங்குவது. தயவுசெய்து வேண்டாம். மானிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, செலவு செய்யலாம் என்று எழுத்தில் வருவதற்கு முன்னால் நீங்கள் கட்டிய பணம் திரும்ப வராது என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு. "நல்ல விலைக்குக் கிடைத்தது" என்பது காரணமே ஆகாது. கொள்முதல் விதிப்படி போட்டி விலை கேட்காமல் வாங்கியது என்று அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். பல மாநிலங்கள் தாங்களே டெண்டர் விட்டு ஒப்பந்த விலையில் வாங்கித் தருகின்றன, அதில் சேர்ந்துகொள்ளுங்கள். அதோடு இது செலவழித்த பின் திரும்ப வாங்கும் பணம். பில் அனுப்பி, சரிபார்த்து, காசு வரும்வரை சம்பளம் நிற்காது. மூன்று மாதச் செலவாவது கையிருப்பில் இல்லாதவர்கள் இயக்கச் செலவு மானியத்துக்குள் இறங்காமல் இருப்பது நல்லது.

திட்டம் உங்கள் பகுதியின் ஒருங்கிணைந்த போக்குவரத்துத் திட்ட ஆவணத்தில் இடம்பெற்றிருக்கவும் வேண்டும். முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பங்கேற்றுத் தயாரிக்கும் ஆவணம் அது. அதன் கூட்டங்களுக்கு யாரும் போவதில்லை. விண்ணப்பக் கடைசி நாளில் மட்டும் அதன் பக்க எண்ணைக் கேட்டு மின்னஞ்சல் வரும். ஒப்பந்தத்துக்கு முன் யு.இ.ஐ. எண்ணும் வேண்டும், அது ஃபெடரல் பணம் வாங்கும் அமைப்புக்கான அடையாள எண். ஃபெடரல் அரசின் பதிவுத் தளமான சாமில் (SAM.gov) இலவசமாகக் கிடைக்கும். 600 டாலர் கட்டுங்கள், பதிந்து தருகிறோம் என்று வருகிற கடிதத்தைக் குப்பையில் போடுங்கள்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். "நம்மாட்களுக்கு மட்டும்" என்று வேன் விட முடியாது. ஒரு மொழிச் சங்கமோ கோயில் குழுவோ விண்ணப்பிப்பதில் தடையில்லை. லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவாகியிருந்தால் போதும். ஆனால் 1964-ன் சிவில் உரிமைச் சட்டம், ஆறாம் தலைப்பு, இனம், நிறம், பூர்வீக நாடு எதை வைத்தும் யாரையும் விலக்கக் கூடாது என்கிறது. பக்கத்துத் தெரு மெக்ஸிகோ பாட்டி அழைத்தால், அவருக்கும் இருக்கை உண்டு. இந்த உரிமையை விளக்கும் அறிவிப்பு வேனிலும் அலுவலகத்திலும் ஒட்டியிருக்க வேண்டும். தமிழில் ஃபோன் எடுக்கத் தெரிந்த ஆள் இருப்பது உங்கள் பலம், அதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஆங்கிலம் சரளமாக வராத முதியோருக்குச் சேவை தருவது இந்த நிதியின் கண்ணில் நல்ல விஷயமே. எங்கே போகிறார்கள் என்பதிலும் தயங்க வேண்டாம்: கோயில், நண்பர் வீடு, முடிதிருத்தகம் எல்லாமே முதியோருக்கு நியாயமான பயணம்தான்.

வேன் வந்த பிறகு அது முழுக்க உங்களுடையது என்று நினைக்காதீர்கள். வண்டியின் உரிமைப் பத்திரத்தில் மாநிலத்தின் பெயர் பிடிமானமாக இருக்கும். மாற்றி அமைத்த வேன் என்றால் குறைந்தது 4 வருடம் அல்லது 1,00,000 மைல், நடுத்தரச் சிறு பேருந்து என்றால் 5 வருடம் அல்லது 1,50,000 மைல், அதுவரை விற்கவோ வேறு வேலைக்கு விடவோ அனுமதி வாங்க வேண்டும். விபத்தில் முழுசாக நொறுங்கினால் காப்பீட்டுப் பணத்திலும் ஃபெடரல் பங்கு உண்டு. வீட்டோடு முடங்கியவர்களுக்கு அதே வேனில் சாப்பாடு கொண்டுபோகலாம், பயணிகளின் சேவை குறையாதவரை. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவது கூடாது. கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு தொழில் ரகசியம். ஓட்டுநரையும் சேர்த்து 16 பேரோ அதற்கு மேலோ அமரும்படி வடிவமைத்த வண்டிக்கு சி.டி.எல். என்ற வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும், அதோடு போதைப்பொருள் பரிசோதனை விதிகளும் வந்து சேரும். 5310 மட்டும் பெறும் அமைப்புக்கு எஃப்.டி.ஏ.-வின் பரிசோதனை விதி கிடையாது, ஆனால் அந்த உரிமம் இருக்கிற ஓட்டுநருக்கு இன்னொரு துறையின் விதி உண்டு. 14 இருக்கையோடு நிறுத்தினால் ஆள் கிடைப்பதும் எளிது. லிஃப்ட் குறைந்தது 600 பவுண்டு தூக்கவேண்டும், மேடை 30 அங்குல அகலம், 48 அங்குல நீளம். தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன் லிஃப்டை ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள். வாரக்கணக்கில் தொடாத லிஃப்ட், சக்கர நாற்காலியில் ஒருவர் மழையில் காத்திருக்கும் அன்றைக்குத்தான் பாதியில் நிற்கும். நாற்காலியைக் கட்டுவது ஓட்டுநர் வேலை. பெல்ட் சரியாகப் பொருந்தவில்லை என்று ஆளை விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

பயணக் குறிப்பேட்டில் ஒருவர் போய்த் திரும்பினால் அது இரண்டு பயணம். ஒன்று என்று எழுதி, பாதிச் சேவைதான் செய்ததாகத் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்கும் அமைப்புகள் நிறைய. வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் மைல் கணக்கையும் எழுதவேண்டும், பென்சிலில் வேண்டாம். தடுப்புப் பராமரிப்பு, அதாவது ஆயில், பிரேக், டயர் போன்றவை, மூலதனச் செலவாகக் கருதப்படும். அதைப் பெட்ரோல் பில்லோடு சேர்த்து எழுதினால் 80-க்குத் தகுதியான செலவை நீங்களே 50-க்குத் தள்ளுகிறீர்கள்.

கடைசியாக, வேன் வேண்டுமா என்றே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ஓட்டுகிற ஒரு நிறுவனத்திடமிருந்து ஒப்பந்தத்தில் பயணங்களை விலைக்கு வாங்கினால், அந்த ஒப்பந்தத் தொகை மூலதனச் செலவாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஓட்டுநர் சம்பளமும் பெட்ரோலும் உள்ளடங்கிய அதே 80,000-க்கு 64,000 அரசு பங்கு, 16,000 உங்கள் பங்கு. முதல் பத்தியில் தப்பாக எழுதிய அதே 80, இங்கே சரி. முறைப்படி விலை கேட்டுத் தேர்ந்தெடுங்கள். நிர்வாகக்குழுத் தலைவரின் மைத்துனர் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தால் வரும் கேள்விகளுக்குப் பதில் இருக்காது. வாரத்துக்கு ஏழெட்டுப் பயணம்தான் என்றால் தன்னார்வலரின் சொந்தக் காரே போதும், அவர் ஓட்டிய மைலுக்குத் தரும் பணத்துக்கும் இந்த நிதியில் இடமுண்டு. ஆனால் வருமான வரிச் சட்டப்படி தொண்டுக்கு ஓட்டும் மைலுக்கு 14 சென்ட் தான். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு சென்ட்டும் அந்தத் தன்னார்வலருக்கு வருமானமாகக் கருதப்படலாம். அதை அவருக்கு முதல் பயணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.